அட்ரீனல் கட்டி: ஆபரேஷனுக்கு முன் தெரிய வேண்டியவை

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கல் இருக்காது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘இடது அட்ரீனல் சுரப்பியில் 3 செ.மீ. கட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அட்ரீனல் என்ற பெயரையே பலரும் அன்றுதான் கேள்விப்படுகிறார்கள். கூடவே ‘கட்டி’ என்றும் போட்டிருப்பதால் மனசு நேராகப் புற்றுநோய்க்குத்தான் போகும். எப்போது ஆபரேஷன், எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்று வீடே பதறும்.

அந்தப் பதற்றம் இயல்பானது. ஆனால் இந்தச் சுரப்பியின் விஷயத்தில் அவசரப்பட்டு ஊசி குத்துவதும் கத்தி வைப்பதும் சில சமயம் கட்டியைவிட ஆபத்தாக முடியும். கட்டி என்ன சுரக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். படத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எடுப்பதா, விட்டுவிடுவதா என்ற பேச்சு இவை இரண்டுக்கும் பிறகுதான். இந்த வரிசையின் காரணம் புரிந்துவிட்டால், மருத்துவர் ஏன் இத்தனை ரத்தப் பரிசோதனைகள் எழுதுகிறார், ஏன் இரண்டு வாரம் மாத்திரை போட்டுவிட்டு வரச் சொல்கிறார் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம்

அட்ரீனல் சுரப்பிகள் இரண்டு. சிறுநீரகங்களின் உச்சியில் பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4, 5 கிராம் எடைதான். வெளியே இருக்கும் மஞ்சள் நிறப் பகுதி புறணி. உள்ளே இருப்பது அகணி. இரண்டும் ஒரே உறைக்குள் இருந்தாலும் செய்யும் வேலை வேறு வேறு.

புறணியில் மூன்று அடுக்குகள் உண்டு. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடலில் உப்பையும் பொட்டாசியத்தையும் அளவாக வைத்திருக்கிறது. கார்ட்டிசால் சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் நெருக்கடியைத் தாங்கும் திறன் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. மூன்றாவது அடுக்கில் ஆண்மை ஹார்மோன்களின் முன்னோடிகள் உருவாகின்றன. அகணி சுரப்பது அட்ரினலினையும் நார்அட்ரினலினையும். பயந்தால் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இவற்றால்தான்.

எந்த அடுக்கில் கட்டி வருகிறதோ அந்த அடுக்கின் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கலாம். எதுவுமே சுரக்காமல் சும்மாவும் இருக்கலாம். தற்செயலாகக் கண்ணில் படும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படிச் சும்மா இருப்பவைதான். வயிற்று சி.டி. எடுக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ 100-ல் 4, 5 பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று தென்படுகிறது. வயது கூடக்கூட இந்த எண்ணிக்கையும் கூடும். ஆக, அட்ரீனலில் கட்டி இருப்பது அரிதல்ல. அது கெட்டதாக இருப்பதுதான் அரிது. அட்ரீனல் புறணிப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வருகிறது. அகணியில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி பத்து லட்சத்தில் 2 முதல் 8 பேருக்கு வருகிறது. அரிதான இந்த இரண்டையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சும்மா இருக்கும் கட்டிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

என்ன சுரக்கிறது?

கார்ட்டிசாலுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரவு 11 மணியிலிருந்து 12 மணிக்குள் கார்ட்டிசாலைப் போலவே செயல்படும் டெக்சாமெத்தசோன் மாத்திரை 1 மில்லிகிராம் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை 8 மணிவாக்கில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான உடல் அந்த மாத்திரையைப் பார்த்து ‘போதும்’ என்று தன் சொந்த கார்ட்டிசாலைக் குறைத்துக்கொள்ளும். அளவு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. கட்டி அந்தக் கட்டளைக்குப் பணிவதில்லை. அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். அளவு மிகுந்தால் முகம் வட்டமாக உப்புதல், வயிற்றில் மட்டும் சதை போடுதல், ஊதா நிறக் கோடுகள், தொடைத் தசை பலவீனம் என்று குஷிங் சிண்ட்ரோமின் அடையாளங்கள் தெரியும். இலேசான மிகைச் சுரப்பில் இவை எதுவும் தெரியாது. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எலும்புத் தேய்மானமும் மட்டும் இருக்கும். கவனிக்காமல் விடப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆல்டோஸ்டிரோனையும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினையும் அளந்து விகிதம் பார்ப்பார்கள். ஆல்டோஸ்டிரோனைத் தானாகச் சுரக்கும் கட்டியை அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-ல் விவரித்தார். அந்த நோய் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள், பொட்டாசியம் அடிக்கடி குறைபவர்கள், இளம் வயதிலேயே பிரஷர் வந்தவர்கள் ஆகியோர் ஸ்கேனில் கட்டி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்த விகிதத்தை ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. பொட்டாசியம் சரியாக இருப்பதால் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது ஃபியோகுரோமோசைட்டோமா. ரத்தத்தில் அட்ரினலினை நேரடியாக அளந்தால் கட்டி தப்பிவிடலாம், ஏனென்றால் அது விட்டுவிட்டுத்தான் ஹார்மோனைக் கொட்டும். ஆனால் கட்டிக்குள்ளேயே அந்த ஹார்மோன் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின்கள் ஓயாமல் ரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். அதனால்தான் ரத்தத்திலோ 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரினை அளக்கிறார்கள். ரத்தம் எடுக்கும் முன் இருபது முப்பது நிமிடம் படுத்திருக்கச் சொன்னால் அலட்சியம் வேண்டாம். உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு பொய்யாக ஏறும்; இல்லாத நோய்க்காக அலைய நேரும். சில மனச்சோர்வு மருந்துகளும் இந்த அளவை ஏற்றிக் காட்டும். எனவே என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

படம் சொல்வது

ஹார்மோன் சோதனை நடக்கும்போதே ஸ்கேனையும் திரும்பப் படிப்பார்கள். சி.டி.யில் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அலகில் சொல்வது வழக்கம். தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு அதற்கும் கீழே. சாய மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி.யில் கட்டி முழுக்க ஒரே சீராக, 10 அலகோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது கொழுப்புச் சத்து நிறைந்த சாதாரணக் கட்டி. 2023-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி நெறி, இத்தகைய கட்டிக்கு மேற்கொண்டு ஸ்கேனே தேவையில்லை என்கிறது. அளவு 4 செ.மீ.க்கு மேல், அடர்த்தி 20-க்கு மேல், உள்ளே திட்டுத்திட்டாக இருக்கிறது என்றால் விஷயம் வேறு. அப்போது அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், கதிரியக்க மருத்துவர் மூவரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பலருக்கும் இங்கே ஒரு கேள்வி எழும். ‘ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸி பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே?’ மார்பிலோ கழுத்திலோ கட்டி என்றால் அது சரியான கேள்வி. அட்ரீனலில் பெரும்பாலும் தவறான வழி. கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால், ஊசி பட்ட நொடியில் அது ஹார்மோனை மொத்தமாகக் கொட்டி ரத்த அழுத்தத்தை உயிர் போகும் அளவுக்கு ஏற்றிவிடலாம். புறணிப் புற்றுநோயாக இருந்தால் உறை கிழிந்து அணுக்கள் சிதறலாம். போதாக்குறைக்கு, எடுத்த துணுக்கை வைத்துச் சாதாரணக் கட்டியா புற்றுநோயா என்று நோய்க்குறியியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்வதும் கடினம். வேறு உறுப்பில் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு அது அட்ரீனலுக்குப் பரவியிருக்கிறதா என்று அறிய வேண்டியிருந்தால், அந்தப் பதில் சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் பயாப்ஸி செய்வார்கள். அதுவும் மெட்டாநெஃப்ரின் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

ஃபியோகுரோமோசைட்டோமா: ஆயத்தம்தான் பாதி சிகிச்சை

தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீரென்று வந்து, சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ இருந்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் பிரஷர் பார்த்தால் எகிறியிருக்கும். அப்புறம் பார்த்தால் சாதாரணமாகக்கூட இருக்கலாம். முகம் வெளிறிப்போகும். ‘டென்ஷன்தான்’ என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டு, கடைசியில் இந்தக் கட்டி தெரியவரும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை, உடலுக்குள் நிஜமாகவே ஒரு புயல் அடித்துக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் வீட்டாரும் உணர வேண்டும்.

இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசானில் சேசர் ரூ, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ; இரண்டும் 1926-ல். அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை கிடையாது. பிரஷரைக் கட்டுப்படுத்தும் இன்றைய மருந்துகளும் கிடையாது. பின்வந்த பல ஆண்டுகளில் இந்த ஆபரேஷனில் உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது. இன்று தேர்ந்த மையங்களில் அது மிகவும் அரிது. இந்த மாற்றத்தில் அறுவைத் திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, முன்னேற்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஓயாத அட்ரினலினால் ரத்தக் குழாய்கள் பல மாதங்களாகச் சுருங்கியே கிடக்கும். சுருங்கிய குழாய்க்குள் ரத்தத்தின் அளவும் குறைந்துபோயிருக்கும். இந்த நிலையில் அப்படியே ஆபரேஷனுக்குப் போனால், மயக்க மருந்து கொடுக்கும்போதும் கட்டியைத் தொடும்போதும் அழுத்தம் விண்ணுக்குப் போகும். கட்டியின் நரம்பை (சிரையை)க் கட்டியதும் ஹார்மோன் சட்டென்று நின்று, குழாய்கள் தளர்ந்து, நிரப்ப ரத்தம் போதாமல் அழுத்தம் பாதாளத்துக்கு விழும். எனவே 7 முதல் 14 நாட்களுக்கு முன்பே ஆல்ஃபா தடுப்பு மருந்தைத் தொடங்குகிறார்கள். ஃபினாக்சிபென்சமின், டாக்சசோசின், பிரசோசின் ஆகியவை இந்த வகை. குழாய்கள் மெல்ல விரிகின்றன. விரிந்த இடத்தை நிரப்ப உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பிரஷர் நோயாளியைப் போய் உப்பு சாப்பிடச் சொல்கிறார்களே என்று வீட்டில் குழம்புவார்கள். இந்தச் சில நாட்களுக்கு அதுதான் சரி. மூக்கடைப்பதும், எழுந்தால் இலேசாகத் தலைசுற்றுவதும் மருந்து வேலை செய்வதன் அடையாளங்கள்.

இதில் ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். படபடப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தை ஆல்ஃபா தடுப்புக்கு முன்னால் தொடங்கவே கூடாது. அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பிகள் ரத்தக் குழாய்களை விரிக்கும் வேலையையும் செய்கின்றன. அதை முதலில் அடைத்துவிட்டால் சுருக்கும் வேலை மட்டும் எதிர்ப்பின்றி நடந்து அழுத்தம் இன்னும் ஏறும். முதலில் ஆல்ஃபா, சில நாள் கழித்துத் தேவைப்பட்டால் பீட்டா. வாந்தியை நிறுத்தப் பலருக்கும் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியும் இந்தக் கட்டி உள்ளவருக்கு நெருக்கடியை வரவழைக்கும். வேறு எதற்காகவாவது மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இந்தக் கட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் அறையில்

1992-ல் அறுவை மருத்துவர் மிஷெல் காக்னே லேப்ராஸ்கோப்பி முறையில் அட்ரீனலை அகற்றியதை வெளியிட்டார். அதுவரை இந்தச் சின்னச் சுரப்பிக்காக வயிற்றையோ விலாவையோ நீளமாகத் திறக்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலான கட்டிகளை மூன்று நான்கு சிறு துளைகள் வழியாக எடுத்துவிடுகிறார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகுப்புறத்திலிருந்தே சுரப்பியை அடையும் முறையும் உண்டு. ஜெர்மனியின் மார்ட்டின் வால்ஸ் அதைப் பரவலாக்கியவர். முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இரண்டு பக்கமும் கட்டி உள்ளவர்களுக்கும் அது வசதி.

வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றல்ல. வலது அட்ரீனலின் சிரை மிகக் குட்டையானது. உடலின் மிகப் பெரிய சிரைகளில் ஒன்றில் நேராகப் போய்ச் சேர்கிறது. அங்கே கை தவறினால் ரத்தப்போக்கு கடுமையாக இருக்கும். இடது சிரை சற்று நீளம். இடது சிறுநீரகச் சிரையில் சேரும். எந்தப் பக்கமானாலும் அந்தச் சிரையைக் கட்டும் நொடி முக்கியமானது. அறுவை மருத்துவர் அதை முன்கூட்டியே சொல்வார். மயக்க மருந்து நிபுணர் அழுத்தத்தை ஏற்றும் மருந்துகளோடு தயாராக நிற்பார். ஃபியோகுரோமோசைட்டோமா ஆபரேஷனில் மயக்க மருந்து நிபுணரின் அனுபவமும் அறுவை மருத்துவரின் அனுபவத்துக்கு நிகரானது என்பது என் உறுதியான எண்ணம். ‘ஆண்டுக்கு எத்தனை அட்ரீனல் ஆபரேஷன் செய்கிறீர்கள்?’ என்று மருத்துவரிடம் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அடிக்கடி செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

புற்றுநோய் என்று சந்தேகம் வலுத்தால் கணக்கு மாறும். புறணிப் புற்றுநோய் பெரும்பாலும் பெரிய கட்டியாகவே தெரியவருகிறது, 10 செ.மீ. இருப்பதுகூட சாதாரணம். அங்கே சிறு துளை, சீக்கிரம் வீடு திரும்பல் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். உறை கிழியாமல், சுற்றியுள்ள கொழுப்போடு, தேவையானால் ஒட்டியிருக்கும் உறுப்பின் பகுதியோடும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். அதற்குத் திறந்த ஆபரேஷன்தான் பெரும்பாலும் பாதுகாப்பு. முதல் ஆபரேஷன் எவ்வளவு சுத்தமாக நடக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நோயாளியின் எதிர்காலம். பிறகு மைட்டோடேன் என்ற மருந்து கொடுப்பதுண்டு. டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் உறவுக்கார வேதிப்பொருள் அது. அட்ரீனல் புறணியைத் தேடிப்போய் அழிக்கும். நல்ல பகுதியையும் சேர்த்து அழிப்பதால், அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்தாக வேண்டும்.

ஆல்டோஸ்டிரோன் கட்டியில் வேறொரு சிக்கல். ஸ்கேனில் வலப்பக்கம் கட்டி தெரியும். ஹார்மோன் இடப்பக்கத்திலிருந்தோ இரண்டு பக்கத்திலிருந்தோ வந்துகொண்டிருக்கும். படத்தை மட்டும் நம்பி எடுத்தால் தப்பான சுரப்பி போய்விடும். அதனால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரண்டு அட்ரீனல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, நோயும் படமும் மிகத் தெளிவாக இருந்தால், இது இல்லாமலும் முடிவெடுப்பதுண்டு.

எடுத்த பிறகு

ஃபியோகுரோமோசைட்டோமா எடுத்தவரை ஒன்றிரண்டு நாள் அழுத்தத்துக்காகவும் சர்க்கரைக்காகவும் கூர்ந்து கவனிப்பார்கள். இரண்டுமே திடீரென்று இறங்கக்கூடும். கார்ட்டிசால் கட்டி எடுத்தவரின் நிலை வேறு. இத்தனை நாள் கட்டியே சுரந்துகொண்டிருந்ததால் மறுபக்கத்துச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். அது விழிக்க மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை அவசியம். ‘கட்டிதான் எடுத்தாச்சே’ என்று அதைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர் என்று எழுதிய அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். இரண்டு சுரப்பிகளையும் இழந்தவர்களுக்கு இது வாழ்நாள் முழுக்க. அதனால்தான் இரண்டு பக்கமும் ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவர்களுக்குப் புறணியில் ஒரு துண்டையாவது மிச்சம் வைக்கப் பார்க்கிறார்கள்.

குடும்பத்தில் மற்றவர்கள்

1886-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், திடீர்ப் படபடப்பும் தலைவலியுமாக அவதிப்பட்டு இறந்த 18 வயதுப் பெண்ணின் இரண்டு அட்ரீனல்களிலும் கட்டி இருந்ததை ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் பதிவு செய்தார். இந்த நோயின் முதல் விவரிப்பாக அதையே குறிப்பிடுகிறார்கள். நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2007-ல், அதே குடும்பத்தின் வழிவந்தவர்களைப் பரிசோதித்தபோது ரெட் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு வந்தது பரம்பரை நோய்.

இப்போது தெரிந்த அளவில், ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படிப் பிறவியிலேயே மரபணு மாற்றம் இருக்கிறது. எனவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும், இந்தக் கட்டி வந்த எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. சில மாற்றங்கள் தைராய்டு, சிறுநீரகம், கண் என்று வேறு உறுப்புகளிலும் கட்டியை வரவழைக்கும்; சில, கட்டி பரவும் வாய்ப்பைக் கூட்டும். குழந்தைகளுக்கு வரும் புறணிப் புற்றுநோயிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தெற்கு பிரேசிலில் பி53 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட மாற்றம் பரவலாக இருப்பதால், உலகின் மற்ற இடங்களைவிட அங்கே குழந்தைகளுக்கு இந்தப் புற்றுநோய் பல மடங்கு அதிகம்.

மாற்றம் இருப்பது உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் சோதனை செய்து, இருப்பவர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் மெட்டாநெஃப்ரின் பார்த்து வரலாம். கட்டி எடுத்தவருக்கும் தொடர் பரிசோதனை குறைந்தது பத்து ஆண்டுகள்; மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க. பிள்ளைகளுக்கு எந்த வயதில் தொடங்குவது என்பது மரபணுவுக்கு மரபணு மாறும். அதை ஆபரேஷன் முடிந்து முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.